சளி பிடித்த பெயர்

— ‘இந்த ஜோடி தாங்காது’ன்னு சொன்னே. சூப் கரண்டியைக் கீழகூட வைக்கலை. நான் வேற பைத்தியக்காரி மாதிரி, ‘எந்த ஜோடி? அந்த பிரேசில் சீரியல்ல வர்ற டாக்டரும் அவன் பொண்டாட்டியுமா?’ன்னு கேட்டேன்.

— போக்னா, அது நடந்து ஒன்பது வருஷம் ஆச்சு.

— ‘இல்லை, நாமதான்’னே. கரண்டியாலயே காட்டினே. முதல்ல உன்னை, அப்புறம் என்னை. பீட்ரூட் சூப் என் மேல தெறிச்சது.

— ஒரு சொட்டு.

— வெள்ளைச் சட்டை, லெஷெக்! ‘ஏன் தாங்காது?’ன்னு கேட்டேன். ‘மேஜையில எதிரும் புதிருமா உட்கார்ந்து பேசாம சாப்பிடற ஜோடி ரெண்டு வாரத்துல வக்கீலைப் பார்க்கும். நான் குரல் கொடுத்து வாசிச்ச எல்லா சீரியல்லயும் அப்படித்தான்’னே. வானிலை அறிக்கை மாதிரி சொன்னே.

— அதாவது, பொதுவா ஒரு விஷயத்தைச் சொன்னேன். யோசிச்சுச் சொல்லலை.

— நீ சொன்ன முடிவு எது தப்பியிருக்கு? தோட்டக்காரன்தான் கொலைகாரன்னே, அவன்தான். அந்தக் குழந்தை அவனோடது இல்லைன்னே, இல்லைதான். கடைசியில ‘நாம தாங்க மாட்டோம்’னே. நம்பாம என்ன பண்ணுவேன்? அடுத்த மாசமே வக்கீல் வீட்டு வராந்தாவுல உட்கார்ந்திருந்தோம்.

— நான் சொன்னது ரெண்டு வாரம். ஆனது ஒரு மாசம். அந்த அளவுக்கு நான் தப்பு.

— இளிக்காதே. எதுக்கு இதைச் சொல்றேன்னா, வாசல்ல வந்து நின்னதும் ‘இன்னிக்குக் கடைசி எபிசோடைப் பத்தி ஒரு விஷயம்’னு ஆரம்பிச்சே பாரு, அதுக்குத்தான். இந்த வீட்டுல முடிவு பேசக் கூடாது. உன்னோட கோட்டு, தொப்பி, அந்தப் பூ எல்லாம் உள்ள வரலாம். முடிவு மட்டும் வெளிய இருக்கட்டும்.

— இது முடிவு இல்லை போக்னா.

— முடிவைப் பத்தினதா?

— முடிவுக்குக் கொஞ்சம் முன்னால.

— அதுவும் முடிவுதான். பூவைக் கொடு. யாருக்கு இது?

— உனக்குத்தான். ஒத்தைப்படையாத்தான் வாங்கினேன். எண்ணிப் பார்க்காதே.

— எண்ணியாச்சு. ஆறு இருக்கு.

— ஐயோ! டிராம்ல ஒண்ணு ஒடிஞ்சிருக்கும்.

— சாவு வீட்டுக்குத்தான் ரெட்டைப்படையா பூ கொண்டுபோவாங்க. சரி, ஒண்ணைத் தனியா கிளாஸ்ல வெச்சுடறேன். எனக்கு அஞ்சு, சாவுக்கு ஒண்ணு. உட்காரு.

— உட்கார வரலை. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். சந்தையில சூடா ஒயின் குடிக்கலாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் விளக்கெல்லாம் போட்டிருக்காங்க. இப்பவே கிளம்பலாம்.

— இப்பவா? இன்னும் அரை மணியில சீரியல்.

— அதனாலதான்.

— லெஷெக், எட்டு மாசமா இதைப் பார்க்கறேன். காலையிலேர்ந்து கடையில கிழவங்களுக்குக் காது மெஷின் மாட்டிவிட்டு, ‘டிவியைச் சத்தமா வைக்காதீங்க’ன்னு புத்தி சொல்லிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்து டிவியைச் சத்தமா வெச்சு, ஒரு துருக்கிக்காரி அழறதைப் பார்த்து நானும் அழறேன். அதுவும் யார் குரல்ல? நான் விவாகரத்து பண்ணின புருஷன் குரல்ல! என்னை மாதிரி ஒரு முட்டாள் இந்த வார்சாவுல இருப்பாளா?

— என்னை மாதிரி ஒருத்தன் இருக்கான். சோப்பும் குடையும் விக்கற விளம்பரத்துக்கு நடுவுல உன் வீட்டுக்கு வந்து போறவன்.

— கல்யாணம் பண்ணி இருந்தப்ப நீ இவ்வளவு பேசினதே இல்லை. இப்ப தினமும் நாலு மணிக்கு டாண்னு வந்து ஒரு மணி நேரம் பேசறே. காதலி, காதலன், மாமியார், போலீஸ்காரர், அந்த நாலு வயசுக் குழந்தை, எல்லாத்துக்கும் நீ ஒருத்தன்தான் வாசிக்கறே. துருக்கிக்காரங்க கீழ சன்னமா கத்தறாங்க, மேல நீ தூங்கி எழுந்த பாதிரியார் மாதிரி நம்ம பாஷையில வாசிக்கறே.

— உணர்ச்சியே காட்டக் கூடாது போக்னா. அதான் எங்க வேலை. வாசிக்கறவன் ஒருத்தன் இருக்கான்ங்கறதே பார்க்கறவங்களுக்கு மறந்துபோகணும்.

— மறக்குது, மறக்குது. மணி அடிக்குது பார். இர்மினாம்மாவாத்தான் இருக்கும். தினம் இந்நேரத்துக்கு மேல் மாடியிலேர்ந்து வந்துடுவாங்க. வாங்க இர்மினாம்மா, கதவு திறந்துதான் இருக்கு.

— கண்ணு, கசகசா கேக் கொண்டாந்தேன், ஓரம் மட்டும் கொஞ்சம் கருகிருச்சு… அட சாமி! டிவிக்குள்ள இருக்க வேண்டிய ஆளு சமையலறையில நிக்கறாரு!

— வணக்கம் இர்மினா அம்மா.

— பேசுங்க தம்பி, இன்னும் ரெண்டு வார்த்தை பேசுங்க. காசு கட்டாம டிவி பார்த்த மாதிரி இருக்கு. ‘நெஸ்ரின், என் உயிரே’ன்னு சொல்லுங்க.

— நெஸ்ரின், என் உயிரே.

— அதே குரல்! உப்பு இல்லாத கஞ்சி மாதிரி. கேட்டா அப்படியே கண்ணுல தண்ணி வருது.

— இர்மினாம்மா, அவரை உசுப்பாதீங்க. முடிவைச் சொல்லணும்னு பதறிட்டு வந்திருக்காரு. நான் விடலை.

— என்கிட்ட சொல்லுங்க தம்பி! எனக்குக் கண்டிப்பா வேணும். டிவி வாரப் பத்திரிகை வாங்கினேன், அதுல ஒவ்வொரு எபிசோடுக்கும் கதை போடுவான். இந்தத் தடவை மட்டும் ‘தாரிக் அவள் வாசலுக்கு வருகிறான், கண்ணீர் மல்கும் முடிவு’ன்னு போட்டு நிறுத்திட்டான். படுபாவி. தாரிக் வாசலுக்கு வந்துட்டு கேஸ் மீட்டரா பார்க்கப்போறான்?

— முடிவைப் படிச்சுட்டு எதுக்கு இர்மினாம்மா பார்க்கறீங்க?

— கண்ணு, நான் முப்பது வருஷம் டிராம் ஓட்டினவ. கடைசி நிறுத்தம் எதுன்னு தெரியாம ஒருத்தராவது ஏறியிருக்காங்களா? எங்க போகுதுன்னு தெரிஞ்சாத்தான் நிம்மதியா சாய்ஞ்சு ஜன்னல் வழியா பார்க்க முடியும். அவ சாவாளான்னு பதறிட்டே இருந்தா எப்படி அழறது? சாவான்னு தெரிஞ்சா, முதல் எபிசோட்லேர்ந்தே கைக்குட்டையோட உட்காரலாம்.

— நான் டிராம்ல தூங்கிப்போய் எங்கயோ ஒரு நிறுத்தத்துல இறங்கி முழிக்கறவ. எனக்கு அதுதான் பிடிக்குது.

— அதான் இங்க வந்து இறங்கியிருக்கே.

— சரிதான். லெஷெக், நீ ஏன் திரும்பத் திரும்பக் கடிகாரத்தைப் பார்க்கறே?

— பார்க்கலையே.

— பார்க்கறே. உன் முகம் பூரா வேர்வை. அவ செத்துடுவாளா? வேண்டாம், சொல்லாதே! முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கோ. உன் முகமே பாதி கதையைச் சொல்லிடும்.

— போக்னா, ஒரே ஒரு வாக்கியம்…

— நான் குளியலறைக்குப் போறேன். தாரிக்குக்குத் தண்ணி மாத்தணும்.

— தாரிக்குக்கா?

— மீனுக்கு தம்பி. கர்த்தர் பிறந்த பண்டிகைக்குக் கெண்டை வாங்கிக் குளியல் தொட்டியில விட்டிருக்கா. விட்டதோட நிறுத்தினாளா? பேர் வெச்சுட்டா. பேர் வெச்சா அப்புறம் கத்தி எடுக்க முடியுமா? போன வருஷமும் இதே கதை. நாளைக்குக் கடையில வெட்டின மீனாத்தான் வாங்கப்போறோம், இவ குளிக்கறதுக்கு என் வீட்டுக்கு வருவா.

— இர்மினாம்மா, சும்மா இருந்தா அலமாரியிலேர்ந்து நல்ல தட்டையெல்லாம் எடுத்து வெச்சுடுங்க. நாளைக்கு ராத்திரி அவசரத்துல எடுத்தா உடையும். நான் இதோ வந்துடறேன்.

— மூணு தட்டுதானே கண்ணு? உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, பண்டிகை வழக்கப்படி வராத விருந்தாளிக்குக் காலியா ஒண்ணு. சரி, போ போ… தம்பி, என்ன ஆச்சு உங்களுக்கு? என் கையை ஏன் இப்படிப் பிடிக்கறீங்க?

— இர்மினா அம்மா, தண்ணிச் சத்தம் கேட்கறப்பவே சொல்லிடறேன். கடைசிக் காட்சியில தாரிக் அவ கதவுக்கு முன்னால நின்னு பேசுவான். ‘நெஸ்ரின்’னு ஆரம்பிக்கும். நான் ‘போக்னா’ன்னு வாசிச்சுட்டேன்.

— என்னது!

— மெதுவா!

— போக்னான்னா? நம்ம போக்னா?

— துருக்கியில எத்தனை போக்னா இருப்பாங்க? கண்ணாடி அறைக்குள்ள உட்கார்ந்து ஒரு எபிசோடை ஒரே மூச்சுல வாசிப்போம். ஒரு கண்ணு தாள்ல, ஒரு கண்ணு திரையில, வாய் அது பாட்டுக்கு ஓடும். அப்பத் தெரியவே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பல் தேய்ச்சுட்டிருக்கறப்பத்தான் காதுல திரும்பக் கேட்டுது. பிரஷ்ஷை முழுங்கியிருப்பேன்.

— ஸ்டுடியோவுல ஒருத்தருமா கவனிக்கலை?

— சவுண்ட் பார்க்கற இகா ஒண்ணும் சொல்லலை. ‘நல்லா வந்திருக்கு சார். பண்டிகைக்கு எங்க போறீங்க?’ன்னு மட்டும் கேட்டா. நானா போன் பண்ணி என்ன சொல்றது? ‘அம்மா, கடைசிக் காட்சியில என் பழைய பொண்டாட்டியை நாட்டு மக்கள் முன்னால கூப்பிட்டுட்டேன், தயவுபண்ணி அழிச்சுடு’ன்னா? அம்பத்தெட்டு வயசு எனக்கு. நாலு வாரமா போனைக் கையில எடுத்து எடுத்து வெச்சேன்.

— நாடு பூரா கேட்குமே தம்பி!

— அதான் சொல்றேன்.

— கவலைப்படாதீங்க. நாலு மணி சீரியல் பார்க்கறவங்கள்ல பாதிப் பேருக்குக் காது மந்தம். போக்னாகிட்ட மெஷின் வாங்கினவங்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

— அவங்கதான் பண்டிகை முடிஞ்சதும் கடைக்கு வந்து நிப்பாங்க! ‘போக்னாம்மா, டிவியில உங்களை ஒருத்தன் கூப்பிட்டானே’ன்னு கேட்பாங்க. அவ முகம் எப்படிப் போகும்? முதல் தடவை எங்க முடிவை சூப்பைக் குடிச்சுட்டே சொன்னேன். இப்ப டிவியில சொல்றேன். மனுஷன் மாதிரி நேரா நின்னு ஒரு விஷயத்தை எப்பத்தான் சொல்லுவேன்? அதுக்குத்தான் முன்னாடியே வந்தேன். அவ காதைப் பொத்திக்கறா.

— சொல்லுங்க தம்பி, அந்த வாக்கியத்துல தாரிக் என்னதான் கேட்கறான்?

— உள்ள வரலாமான்னு கேட்கறான்.

— நீங்க?

— நான் வாசிக்கறவன் இர்மினா அம்மா. எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிப்பேன்.

— பேரை எவன் எழுதிக் கொடுத்தான்?

— இந்தத் தட்டை எங்க வைக்கறது?

— ஆங், இப்படி நழுவற ஆள்தான் ஒன்பது வருஷமா தனியா பாக்கெட் சூப் குடிப்பான். கேட்க வேண்டியதுதானே அவகிட்ட?

— எந்தக் குரல்ல கேட்கறது? என்கிட்ட இருக்கறது ஒரே குரல். ‘வீடு தீப்பிடிச்சுது, ஓடுங்க’ன்னு சொன்னாலும், ‘உப்பை இந்தப் பக்கம் தள்ளு’ன்னு சொன்னாலும் ஒரே மாதிரி வரும். ஒரு தடவை ‘நான் உன்னை விரும்பறேன்’னு அவகிட்ட சொன்னேன். ‘எந்தச் சேனல்ல?’ன்னு கேட்டா.

— தண்ணி நின்னுடுச்சு. வர்றா. தட்டைப் பிடிங்க, தட்டைப் பிடிங்க.

— என்ன ரெண்டு பேரும் திருட்டு முழி முழிக்கறீங்க? இர்மினாம்மா, அவர் உங்ககிட்ட முடிவைச் சொல்லிட்டாரா?

— முடிவைச் சொல்லலை கண்ணு. சத்தியமா முடிவைச் சொல்லலை.

— அப்ப வேற எதையோ சொல்லியிருக்காரு. வாங்க, ஆரம்பிக்கப்போகுது. லெஷெக், நீ இந்தப் பக்கம் உட்காரு. திரையை மறைக்காதே. கையில என்ன, ரிமோட்டா?

— சத்தம் கொஞ்சம் குறைக்கலாமேன்னு.

— வை கீழ.

— வேணும்னா நானே நேர்ல வாசிக்கறேன், டிவி எதுக்கு? மின்சாரம் மிச்சம்.

— வை கீழ லெஷெக். ஷ்!

— “என் மகன் இந்த வீட்டு வாசலை மிதித்தால் நான் நஞ்சு குடிப்பேன்.”

— மாமியார் வந்துட்டா, மாமியார் வந்துட்டா. குடியேன், எட்டு மாசமாத்தான் சொல்லிட்டிருக்கே.

— இர்மினாம்மா, அவ தாரிக்கோட அம்மா, பாவம், இளைச்சுட்டா. லெஷெக், உங்கம்மாவும் இதே குரல்லதான் என்னைத் திட்டுவாங்க.

— இது என் குரல் போக்னா.

— அதைத்தான் சொல்றேன்.

— “அம்மா, பாட்டி ஏன் அழுகிறாள்?”

— அந்தக் குழந்தை! சாமி, என் கண்ணு! இவரு வாசிக்கறப்ப நாலு வயசுக் குழந்தைக்கு மீசை முளைச்ச மாதிரி இருக்கு, ஆனாலும் நெஞ்சைப் பிசையுது.

— விளம்பரம் போட்டுட்டான். நெஸ்ரின் துணியை மடிச்சு வெச்சா, கவனிச்சீங்களா? ரெண்டு பேருக்கு மடிச்சா. லெஷெக், எங்க எழுந்திருக்கே?

— பால்கனிக்கு. கொஞ்சம் காத்து.

— வெளிய மைனஸ் ஏழு. உட்காரு. இதுக்கு முன்னால நீ வாசிச்சதை நீயே பார்த்திருக்கியா?

— பார்த்ததில்லை. தச்சவன் சட்டையைப் போட்டுப் பார்க்கக் கூடாது. போக்னா, விளம்பரம் முடியறதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். இப்ப வர்ற காட்சியில ஒரு இடத்துல…

— லா லா லா லா. காதைப் பொத்தியாச்சு. கேட்கலை. லா லா லா.

— ஊருக்கெல்லாம் காது மெஷின் மாட்டறவளைப் பாருங்க, சின்னப் பிள்ளை மாதிரி.

— ஆரம்பிச்சுட்டான்! கையை எடு கண்ணு, அவன் வந்துட்டான், வாசல் படியேறிட்டான்! மழை வேற. குடைகூட இல்லை.

— ஷ்! இர்மினாம்மா!

— தம்பி, கண்ணை மூடாதீங்க.

— “நெஸ்ரின். எல்லாக் கதவுகளையும் தட்டினேன். இந்த ஒரு கதவைத் தட்டத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. நான் உள்ளே வரலாமா?”

— நெஸ்ரின்னாரு! தம்பி, நெஸ்ரின்னுதான் கேட்டுது!

— வேற என்னன்னு கேட்கணும் இர்மினாம்மா? ஷ்! அவ கதவுகிட்ட வர்றா. கைப்பிடியில கை வெச்சுட்டா… கை வெச்சுட்டா…

— என்ன இது? பாட்டு போட்டுட்டான்! பேரெல்லாம் ஓடுது! முடிஞ்சிடுச்சா? திறந்தாளா இல்லையா? அட நாசமா போறவனே, எட்டு மாசம் பார்த்ததுக்குக் கைப்பிடியைக் காட்டிட்டுப் போறான்! தம்பி, திறந்தாளா? உங்களுக்குத் தெரியுமே!

— தெரியாது. எனக்கு வந்த தாளும் அங்கயேதான் முடிஞ்சது.

— அப்ப நாம எதுக்கு எட்டு மாசமா டிக்கெட் எடுத்தோம்? கடைசி நிறுத்தமே இல்லாத டிராம் உண்டா?

— சரி, நான் கிளம்பறேன். ரொம்ப நல்லா இருந்தது. அதாவது, நான் பயந்த மாதிரி ஒண்ணும் நடக்கலை. பண்டிகை வாழ்த்துகள் போக்னா. இர்மினா அம்மா, உங்களுக்கும். என் தொப்பி எங்க?

— உட்காரு லெஷெக்.

— டிராமைத் தவற விட்டுடுவேன்.

— உட்காருன்னேன். அந்த நெஸ்ரினுக்குச் சளி பிடிச்சிருக்கு.

— என்ன?

— கடைசிக் காட்சியில கூப்பிட்டியே ‘நெஸ்ரின்’னு. அந்த ஒரு பேருக்கு மட்டும் மூக்கடைச்சிருக்கு. அதுக்கு அடுத்து வர்ற ‘எல்லாக் கதவுகளையும்’ சுத்தமா இருக்கு. ஒரே மூச்சுல வாசிக்கறவனுக்கு ஒரு வார்த்தைக்கு மட்டும் எப்படிச் சளி பிடிக்கும்?

— அது, அதாவது, மைக்…

— மைக் இல்லை. அந்தப் பேரை எனக்குத் தெரியும். அக்டோபர்ல, நெஸ்ரின் ரயிலைத் தவற விடற எபிசோட்ல உனக்கு ஜலதோஷம். அன்னிக்கு அந்த சீரியல்ல எல்லாருக்குமே ஜலதோஷம். தாரிக்குக்கு, மாமியாருக்கு, ஸ்டேஷன் மாஸ்டருக்கு. அதுலேர்ந்து ஒரு ‘நெஸ்ரின்’னை வெட்டி இங்க ஒட்டியிருக்காங்க.

— இகா! அந்தப் பொண்ணு! அதான் ‘பண்டிகைக்கு எங்க போறீங்க சார்’னு கேட்டாளா!

— நாள் முழுக்க நாலு பேர் குரலைக் கேட்டு, எந்தக் காதுல எது விழலைன்னு கண்டுபிடிக்கறவ நான். உன் குரலை எனக்குத் தெரியாதா? அந்த எபிசோட் வந்தப்ப உனக்கு எப்பவோ சரியாகியிருக்கும்னு தெரியும். வாசிச்சு நாலு வாரம் கழிச்சுத்தானே போடறாங்க. இருந்தாலும் மறுநாள் போய்த் தேன் வாங்கிட்டு வந்தேன். யாருக்குக் கொடுக்கறதுன்னு தெரியாம அங்க அலமாரியில இருக்கு பார், திறக்காம.

— அட சாமி. தேனா? நான் மாவு பிசையறதுக்குன்னு நினைச்சு ரெண்டு தடவை கேட்டேன், இவ தரலை.

— இர்மினாம்மா, நீங்க சும்மா இருங்க. லெஷெக், அந்த இடத்துல முதல்ல என்ன பேரை வாசிச்சே?

— முடிவைப் பேசக் கூடாதுன்னு சொன்னியே.

— சீரியல் முடிஞ்சுபோச்சு. இனிமே கெடறதுக்கு ஒண்ணும் இல்லை. சொல்லு.

— கண்ணு, நான் கிளம்பறேன். அடுப்புல காளான் வேகுது.

— அடுப்பை அணைச்சுட்டுத்தானே எப்பவும் வருவீங்க?

— போய் மூட்டறேன். இந்த முடிவு எனக்கு ஒன்பது வருஷமா தெரியும். ஆனா இது ரெண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பார்க்க வேண்டியது. கேக்கை மூடி வை, காஞ்சுபோயிடும். தம்பி, தண்டவாளத்துல மணி அடிச்சுட்டு நின்னா போதாது, வண்டியை எடுக்கணும். வர்றேன்.

— போயிட்டாங்க. கதவுக்குப் பின்னாலதான் நிப்பாங்க, மாடிப்படிச் சத்தம் கேட்கலை. பரவாயில்லை. சொல்லு லெஷெக்.

— ‘போக்னா’ன்னு வாசிச்சேன். தாள்ல நெஸ்ரின் பேர்தான் இருந்தது. கண்ணு அதைத்தான் பார்த்தது. வாய்தான் உன்னைக் கூப்பிட்டுது. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை மாத்தி வாசிச்சதில்லை நான். உனக்குக் கோபம் வரும்னு தெரியும். கடைசி எபிசோடையும் கெடுத்துட்டேன்.

— கெடுக்கலை. அந்தப் பொண்ணு காப்பாத்திட்டா. எனக்குத்தான் அது கேட்காம போச்சு.

— கேட்கணும்னா நினைக்கறே?

— அதே வாக்கியத்தை வாசி. நீ வாசிச்ச மாதிரி.

— “போக்னா. எல்லாக் கதவுகளையும் தட்டினேன். இந்த ஒரு கதவைத் தட்டத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. நான்…”

— நிறுத்து. இது டிவிக் குரல். தாரிக் எல்லாக் கதவையும் தட்டினானோ என்னவோ. நீ எந்தக் கதவைத் தட்டினே? நீ ஆத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டிவி விளம்பரத்துக்கு நடுவுலதானே வந்து போனே?

— ஒவ்வொரு வருஷமும் பண்டிகை அன்னிக்குக் கீழ வாசல் வரைக்கும் வருவேன். முதல் நட்சத்திரம் வந்ததும் சாப்பிட உட்காரணும்னு நீங்க ஜன்னல் திரையை இழுப்பீங்க. காலித் தட்டு ஒண்ணு வெச்சிருப்பீங்கன்னு தெரியும். எதிர்பாராம வர்றவனுக்குத்தானே அது. மணிக்கிட்ட விரல் போகும். அப்ப ஒரு யோசனை வரும். வருவோம்னு நாமளே வீட்டுலேர்ந்து கிளம்பி வந்தா அது எப்படி எதிர்பாராம வந்ததாகும்? அதுகூட நான் முன்னாடியே சொல்லிக் கெடுத்த மாதிரிதானே? திரும்பிப் போயிடுவேன்.

— ஒன்பது வருஷமா?

— ஒரு வருஷம் காய்ச்சல். எட்டுன்னு வை.

— உன்னை மாதிரி ஒரு முட்டாளை நான் சீரியல்லகூடப் பார்த்ததில்லை.

— சீரியல்ல இப்படி ஒருத்தனை எழுதினா பார்க்கறவங்க சேனலை மாத்திடுவாங்க.

— உன் குரல் நடுங்குது லெஷெக்.

— இருக்காதே. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

— நடுங்குது. எனக்குக் கேட்குது. அந்தக் காலித் தட்டுக்கு முன்னால உட்காரணும், அவ்வளவுதானே உனக்கு? அது முன்பின் தெரியாதவனுக்கு. வருவான், சாப்பிடுவான், கோட்டை மாட்டிட்டுப் போயிடுவான்.

— அது தெரியும். அதனாலதான் அதைக் கேட்க வரலை.

— பின்ன என்ன கேட்க வந்தே? நான் என்ன சொல்லுவேன்னு நினைக்கறே? உனக்குத்தான் எல்லா முடிவும் முன்னாடியே தெரியுமே.

— தெரியலை போக்னா. சத்தியமா தெரியலை. அன்னிக்கு மேஜையில சொன்னதுகூடத் தெரிஞ்சு சொன்னதில்லை. நீ ‘அப்படியெல்லாம் ஆகாது’ன்னு சொல்லுவேன்னு நினைச்சேன். நீ சட்டையைத் துடைக்கப் போயிட்டே.

— சரி. இப்ப நான் எங்கயும் போகலை. இங்கதான் உட்கார்ந்திருக்கேன். காதையும் பொத்திக்கலை. கேளு.

— நாளைக்கு மேஜையில நாலு தட்டு வை போக்னா. வராத விருந்தாளிக்கு நாலாவது இருக்கட்டும். மூணாவது எனக்கு வேணும்.